அண்ணா, முதல்ல அண்ணா போடுங்கண்ணா!

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம். அரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருப்பவன் எழுதுகிறேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. வருஷத்தில் பத்து மாசம் பட்டா, பான் கார்டு, ரயில் டிக்கெட் என்று ஓடும். மீதி இரண்டு மாசம் பொறியியல் கவுன்சிலிங். அது ஆன்லைனுக்கு மாறிய 2018-லிருந்து எத்தனை பிள்ளைகளுக்குச் சாய்ஸ் (விருப்பக் கல்லூரிகளின் வரிசை) போட்டுக் கொடுத்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கீபோர்டுக்கு முன்னால் பிள்ளை, பக்கத்து ஸ்டூலில் அப்பா, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் அம்மா. முதல் வரியில் எந்தக் கல்லூரியைப் போடுவது என்று அவர்கள் பேசிக்கொள்வதை என் அளவுக்குக் கிட்டத்தில் இருந்து கேட்டவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

உங்கள் உதவி மையங்கள் இருக்கின்றன, தெரியும். சான்றிதழ் சரிபார்க்க அங்கேதான் அனுப்பி வைக்கிறேன். ஆனால் கூலி வேலைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறவருக்குத் திறந்திருப்பது எங்கள் கடைதான்.

கடைக்கு வரும் பிள்ளைகள் என்னை அண்ணா என்று கூப்பிடுவார்கள். "அண்ணா, முதல்ல அண்ணா போடுங்கண்ணா." சாய்ஸ் போடும் நாட்களில் எங்கள் கடையின் சுப்ரபாதம் இது. அண்ணா என்றால் அண்ணா பல்கலைக்கழகம். கல்லூரி எண் 1, அதன் கிண்டி வளாகம். அடுத்தது 4, குரோம்பேட்டை எம்ஐடி. அப்புறம் 2, ஏசி டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. அதற்குப் பிறகுதான் கோவை, மதுரை, சேலம் எல்லாம். கட்-ஆஃப் 198 வாங்கிய பிள்ளையும் இப்படித்தான் போடுகிறது, 142 வாங்கிய பிள்ளையும் இப்படித்தான் போடுகிறது.

போட்டுவிட்டு, "ஏன்பா இது?" என்று கேட்பது என் பழக்கம். முதலில் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. பாதிப் பேர் சொல்லும் காரணம், "கட்-ஆஃப் அங்கதானேண்ணா ஜாஸ்தி."

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு வரும் அந்தக் கட்-ஆஃப் ஒரு கல்லூரியைப் பற்றி என்ன சொல்கிறது? போன வருஷம் அந்தப் பாடப்பிரிவை யார் யார் கேட்டார்கள் என்று சொல்கிறது. அவ்வளவுதான். ஆசிரியர் எப்படி, லேப் எப்படி, படித்துவிட்டுப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. போன வருஷம் நிறையப் பேர் கேட்டதால் கட்-ஆஃப் ஏறுகிறது. கட்-ஆஃப் ஏறியதால் இந்த வருஷம் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹோட்டல் வாசலில் கூட்டம் நிற்கிறது என்பதற்காகவே நாமும் போய் நிற்பது மாதிரி. உள்ளே சாப்பாடு நன்றாகவே இருக்கலாம். கிண்டியில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் நிற்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

உங்கள் தளத்தில் ஒரு பாடப்பிரிவைப் பற்றிப் பிள்ளைகள் தேடித் தேடிப் பார்ப்பது இந்த ஒரு எண்ணைத்தான். கல்லூரிவாரியாக, சாதிப்பிரிவுவாரியாக, போன வருஷம் எதில் முடிந்தது என்று. அந்தப் பட்டியல் இல்லாமல் என் தொழிலே நடக்காது, அதற்கு நன்றி. ஆனால் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது என்பதால், பிள்ளைகள் அதையே காரணமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கிண்டி கிண்டியாக இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1794-இல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்தது. 1859-இல் பொறியியல் கல்லூரி ஆனது. 1920-இல் கிண்டிக்கு வந்தது. 1944-இல் ஏசி டெக். 1949-இல் எம்ஐடி, சி. ராஜம் தன் சொந்த வீட்டை விற்றுத் தொடங்கியது. இவற்றையெல்லாம் சேர்த்து 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம். பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிண்டியின் பாடப்பிரிவுகளில் பிள்ளைகள் வேண்டா வெறுப்பாகக் கடைசியில் சேர்ப்பது ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ். வரைபடம், நில அளவை, செயற்கைக்கோள் படம் பற்றிய படிப்பு அது. எந்த வேலைக்காக அந்தக் கல்லூரி பிறந்ததோ அந்த வேலை. "அது என்னண்ணா, ஜியோ சிம்மா?" என்று ஒரு பையன் கேட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைத் தொட்டால் அது என்ன படிப்பு என்று தமிழில் நாலு வரி வந்திருந்தால் அவன் என்னைக் கேட்டிருக்க மாட்டான்.

எம்ஐடிக்கு மட்டும் ஒரு தனிக் காரணம் உண்டு. "கலாம் படிச்ச காலேஜ்ணா." இதை நான் மறுப்பதே இல்லை. ராமேஸ்வரத்துப் பையனுக்கு ஃபீஸ் கட்ட அக்கா வளையலை அடகு வைத்த கதையை ஐந்தாம் வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கலாம் படித்தது விமானப் பொறியியல். இவர்கள் அதே எம்ஐடியில் கேட்பது கணினி. போகட்டும்.

பெயர் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு நானே சாட்சி. நான் கவுன்சிலிங் போனது 2009-இல். நுழைவுத் தேர்வை ரத்து செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்போது நேரில் போக வேண்டும். நானும் அப்பாவும் இரவு பஸ் பிடித்து விடிகாலை கோயம்பேட்டில் இறங்கி, கட்டணக் கழிப்பிடத்தில் முகம் கழுவி, கையில் ஃபைலோடு வளாகத்துக்குள் நுழைந்தோம். மரங்கள், அந்தச் செங்கல் நிறக் கட்டடம், மேலே மணிக்கூண்டு. அப்பா செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நொடி யோசித்ததை நான் பார்த்தேன். அதுவரை எனக்கு இன்ஜினியரிங் என்றால் வேலை. அந்த நிமிஷத்திலிருந்துதான் கிண்டி என்கிற ஆசை வந்தது. பந்தலில் பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மீதி எத்தனை இடம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். என் கட்-ஆஃப் 171. அந்தத் திரையில் கிண்டி இடங்கள் எப்போதோ தீர்ந்துபோயிருந்தன.

அந்தப் பந்தலுக்கு வெளியே ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார். பைபாஸ் ஓரம் ஒரு கல்லூரி. ஏசி பஸ் படம். "இதுவும் அண்ணா யுனிவர்சிட்டிதான் சார்" என்றார் அப்பாவிடம். அப்போது பல்கலைக்கழகத்தைச் சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்து வைத்திருந்தார்கள். அப்பா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "இது இந்த அண்ணாவா, வேற அண்ணாவா?" நோட்டீஸ்காரர் சிரித்துவிட்டு, "எல்லாம் ஒரே அண்ணாதான்" என்றார். அவர் வாய் முகூர்த்தம், நான் படித்து முடிப்பதற்குள் 2012-இல் எல்லாவற்றையும் மறுபடி சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கல்லூரியில் லேத் மெஷின் நாலு வருஷமும் பாலித்தீன் உறை போட்டபடியே இருந்தது. பஸ்ஸில் ஏசி இல்லை. மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். கல்லூரிப் பெயர் இங்கே வேண்டாம். அது ஒன்றுதான் அப்படி என்றும் இல்லை.

அந்த "எல்லாம் ஒரே அண்ணாதான்" இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. வளாகக் கல்லூரி, விழுப்புரம், ஆரணி, பண்ருட்டி மாதிரி ஊர்களில் இருக்கும் உறுப்புக் கல்லூரி, இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரி மூன்றுக்கும் கடைசியில் வருவது அண்ணா பல்கலைக்கழகச் சான்றிதழ். பெற்றோருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நோட்டீஸில் கல்லூரிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அண்ணா பெயர் இருக்கும். உறுப்புக் கல்லூரியில் கட்டணம் குறைவு, பல்கலைக்கழகமே நடத்துவது என்பதை நான் வாய் வலிக்கச் சொல்கிறேன். ஒரு நிற வேறுபாடு போதும் ஐயா. பட்டியலில் அரசுக் கல்லூரிக்கு ஒரு நிறம், உறுப்புக் கல்லூரிக்கு ஒரு நிறம், தனியாருக்கு ஒரு நிறம். பஸ்ஸைக்கூட நிறத்தைப் பார்த்துத்தானே ஏறுகிறோம்.

பஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெண் பிள்ளைகளின் பட்டியலை நான் வேறு மாதிரி படிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் வரி பிள்ளையுடையது. இரண்டாவது வரியிலிருந்து அம்மாவுடையது. அம்மா கேட்பது ரேங்கும் இல்லை, கட்-ஆஃபும் இல்லை. "டவுன் பஸ் போகுமா தம்பி?" 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஒரு உத்தரவு எங்கள் பக்கம் கல்லூரித் தேர்வையே மாற்றியிருக்கிறது என்பது என் கடை அனுபவம். காசு மிச்சம் என்பதோடு நிற்கவில்லை. காசு கேட்காமல் தினம் போய் வரலாம் என்றால், படிக்கப் போவதற்கு வீட்டில் தினம் ஒருமுறை அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதுதான் பெரிய விஷயம். 2013-இல் தருமபுரியில் அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய வரம். எந்தத் தரவரிசையிலும் "காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு" என்று ஒரு கட்டம் கிடையாது. எங்கள் அம்மாக்களின் தரவரிசையில் முதல் கட்டமே அதுதான்.

பையன்களுக்கு வேறு கணக்கு. மொரப்பூர் ரயில் நிலையம் எங்களுக்குப் பக்கம். கோவை போகிற ரயில்கள் சில அங்கே நிற்கும். "மொரப்பூர்ல ஏறினா நேரா கோயமுத்தூர்ணா" என்று ரயிலை வைத்தே கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடியை மேலே ஏற்றிய பையன்கள் உண்டு. சிரிக்காதீர்கள். நாலு வருஷம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய் வருகிறவனுக்கு அது நியாயமான காரணம்.

2024 டிசம்பருக்குப் பிறகு அப்பாக்களும் ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டார்கள். கிண்டி வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை எல்லாரும் டிவியில் பார்த்தார்கள். குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்ததையும் பார்த்தார்கள். கடைக்கு வந்த ஒரு லாரி டிரைவர், மகள் 1 என்று தட்டியதும் கையை நீட்டி மவுஸைப் பிடித்துக்கொண்டார். "ஹாஸ்டல் எங்க இருக்கு, கேட்டு எத்தன மணிக்குச் சாத்துவாங்க, லைட்டு இருக்குமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? போன் போட்டுக் கேட்டோம், யாரும் எடுக்கவில்லை, ராத்திரி ஒன்பது மணி. கடைசியில் அங்கே படித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தேன். பத்து நிமிஷம் பேசினார். போனை வைத்துவிட்டு மவுஸை மகளிடம் கொடுத்தார். அந்தப் பத்து நிமிஷப் பேச்சில் இருந்தது எதுவும் எந்தக் கையேட்டிலும் இல்லை.

இன்னொரு பெண். சித்தேரி மலையடிவாரத்து ஊர். அரசுப் பள்ளி. அப்பா மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றுகிறவர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிறாள், அதனால் கல்விக் கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டிவிடும். கட்-ஆஃப் 176. அம்மா தருமபுரி என்றார். பெண் அசையவில்லை, கிண்டிதான். வழக்கம்போல ஏன் என்று கேட்டேன். அம்மா வெளியே டீ வாங்கப் போன நேரம் பார்த்துச் சொன்னாள்: "அங்க போனா எந்த ஊரு, எந்தத் தெருன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்லண்ணா."

நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. 1 போட்டேன். அவளுக்குக் கிண்டி கிடைக்கவில்லை, சேலம் அரசுக் கல்லூரி கிடைத்தது. கருப்பூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். இந்தக் காரணத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது?

இனி காசு. முதல் பட்டதாரி சலுகை, மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இவையெல்லாம் வந்தபிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் தைரியமாகப் பட்டியல் போடுகிறார்கள். ஆனால் தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் இடத்துக்கு என்ன செலவாகும் என்று கேட்டால் யாராலும் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தது 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. அது கல்விக் கட்டணம். சேரப் போகும்போது பஸ், ஹாஸ்டல், யூனிஃபார்ம், "டிரெய்னிங்", இன்னும் பெயர் தெரியாத இரண்டு மூன்று இனம் என்று வரும் ரசீதைப் பார்த்துவிட்டு என் கடைக்கே திரும்பி வந்து அடுத்த சுற்று எப்போது என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மொத்தமாக ஆகும் செலவைக் கல்லூரி எழுதிக் கொடுத்து, அதை நீங்கள் தளத்தில் போட்டு, அதற்கு மேல் கேட்டால் எங்கே புகார் செய்வது என்று பக்கத்திலேயே ஒரு நம்பரும் போட்டால் என்ன?

வேலைவாய்ப்புக்கும் அப்படித்தான். "100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று பேனர் கட்டாத கல்லூரி பஸ் அரூர் ரவுண்டானா வழியாகப் போனதே இல்லை. அந்த நூறு யாரிடமிருந்து எண்ணப்பட்டது என்பதுதான் கேள்வி. அரியர் வைத்தவனைக் கழித்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவனைக் கழித்து, மிச்சமிருப்பவர்களில் நூறு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நாலே வருஷத்தில் முடித்தார்கள், வேலை கிடைத்தவர்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவனுக்குச் சம்பளம் எவ்வளவு? இந்த இரண்டும் போதும். புதிதாக யாரும் கணக்கெடுக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இதே இரண்டு எண்களையும் எழுதிக் கொடுக்கின்றன. ஆங்கிலத்தில், பிடிஎஃப்-இல், ஒரு மூலையில் கிடக்கிறது. நான் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு பெற்றோருக்குக் காட்டுகிறேன், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்கூட வாங்குவதில்லை. விண்ணப்பிக்காத கல்லூரிகளையும் கொடுக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சாய்ஸ் பக்கத்திலேயே கட்-ஆஃபுக்குப் பக்கத்தில் ஒரு கட்டமாகக் காட்டுங்கள். ஆசிரியர் பட்டியலையும் பெயரோடு போடுங்கள். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியது 2024-இல் வெளியே வந்து நாறியதே, அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்திருப்பார்கள். இந்த வயதில் அவர்களைப் போல நோண்டுகிறவர்கள் யாரும் இல்லை.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். என் கணக்கில் இதுதான் அதிக சேதம் செய்கிறது.

முதல் வரியில் பெரிய கல்லூரியைப் போட்டால், அது கிடைக்காதபோது மற்ற வரிகளும் கெட்டுவிடும் என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. "ஃபர்ஸ்ட் சாய்ஸ் வேஸ்ட் ஆயிடும்ணா" என்பார்கள். உங்கள் முறை அப்படி வேலை செய்வதில்லை. ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அந்தப் பிள்ளையின் பட்டியலில் மேலிருந்து கீழே வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறது. ஆசைப்பட்டதை மேலே போடுவதால் ஒரு பைசா நஷ்டம் இல்லை. ஆனால் 182 வாங்கிய ஒரு பையன் மனசுக்குள் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியை வைத்துக்கொண்டு, "அது எனக்குக் கிடைக்காது, வேஸ்ட்" என்று வீட்டுப் பக்கத்துத் தனியார் கல்லூரியை முதலில் போட வந்தான். டியூஷன் வாத்தியார் சொன்னாராம். அரை மணி நேரம் அவனுக்குப் பேப்பரில் கட்டம் போட்டு விளக்கினேன். நம்பவில்லை. பட்டியலை இறுதி செய்து லாக் பண்ண ஓடிபி வந்துவிட்டது, போனைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் யோசிக்கிறான். கடைசியில் "சரிண்ணா, உங்க இஷ்டம்" என்று மாற்றிப் போட்டான். என் இஷ்டமாம்! தியாகராசர் கிடைக்கவில்லை. ஆனால் மூன்றாவதாகப் போட்ட நல்ல கல்லூரி கிடைத்தது. அவன் வழியில் போட்டிருந்தால் முதல் வரியே கிடைத்து அங்கேயே நின்றிருப்பான்.

எனவே சாய்ஸ் பக்கத்தின் தலையில், பெரிய எழுத்தில், தமிழில், "உனக்கு எது அதிகம் பிடிக்குமோ அதை முதலில் போடு. கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்கு எந்த நஷ்டமும் இல்லை" என்று எழுதி வையுங்கள். கையேட்டின் பதினெட்டாம் பக்கத்தில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். லாக் பண்ணுவதற்கு முன்னால் அது கண்ணில் குத்த வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் ஏஜென்ட் நுழைகிறான். போன வருஷம் ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கல்லூரியின் டைரி, எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். சாய்ஸ் போட வரும் பிள்ளைகளின் முதல் வரியில் அவர் சொல்லும் எண்ணைப் போட்டால் தலைக்கு இவ்வளவு என்றார். பிள்ளைகளின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். நான் ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். எதிர்க் கடையில் போய் உட்கார்ந்தார். அங்கே டீ வரவழைத்துக் கொடுத்தார்கள்.

உங்களிடம் ஒரு புதையல் இருக்கிறது, அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வருஷா வருஷம் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்கிறார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் எதை எத்தனை பேர் முதல் வரியில் போட்டார்கள், எந்த மாவட்டத்துப் பிள்ளை எந்த ஊரைக் கேட்டது என்று பார்த்தால் தமிழ்நாட்டின் ஆசை முழுக்க அதில் இருக்கும். கிடைத்த இடத்தைத்தான் வெளியிடுகிறீர்கள். கேட்ட இடத்தை வெளியிட்டு நான் பார்த்ததில்லை. பெயர்களை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள். அப்புறம், லாக் பண்ணும் முன் ஒரே ஒரு கேள்வி: ஏன் இதை முதலில் போட்டாய்? தட்டச்சு செய்ய ஒரு சின்னப் பெட்டி, விருப்பம் இருந்தால் போதும். பஸ், ஹாஸ்டல், கலாம், அக்கா படித்தாள், எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள் என்றெல்லாம் வரும். அடுத்த ஹாஸ்டலை எங்கே கட்டுவது, எந்த வழித்தடத்தில் பஸ் விடுவது என்று முடிவெடுக்க அதைவிட நல்ல கணக்கு கோட்டையில் யாரிடம் இருக்கிறது?

இன்னும் ஒன்று. ஆன்லைன் வந்ததில் கோயம்பேட்டில் முகம் கழுவும் வேலை போனது, சந்தோஷம். ஆனால் என் அப்பா பார்த்த மணிக்கூண்டை இப்போதுள்ள பிள்ளைகள் போட்டோவில்தான் பார்க்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஒரு சனி, ஞாயிறு கிண்டி, குரோம்பேட்டை, சேலம், கோவை, பர்கூர், காரைக்குடி என்று அரசு வளாகங்களை எல்லாம் திறந்து விடுங்கள். லேபைத் திறந்து வையுங்கள், இரண்டாம் வருஷ மாணவர்களை வாசலில் நிறுத்துங்கள், ஹாஸ்டல் சாப்பாட்டை ஒரு வேளை போடுங்கள். பிள்ளைகள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் முதல் வரியைச் சொல்லட்டும். அப்போதும் "அண்ணா போடுங்கண்ணா" என்றால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

சாய்ஸ் போடும் மூன்று நாளும் கடை காலை ஏழு மணியிலிருந்து இருக்கும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு உங்கள் தளம் மூடும், நாலரைக்கு எங்கள் லைனில் கரன்ட் போகும். இது இத்தனை வருஷமாகத் தவறியதில்லை. யுபிஎஸ் நாற்பது நிமிஷம் தாங்கும். உங்களில் யாராவது அந்த நாற்பது நிமிஷம் வந்து உட்கார்ந்து பார்ப்பதானால் சொல்லுங்கள், பக்கத்து மெடிக்கலில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
அரூர் ஆன்லைன் சென்டர்காரன்